மூன்று அங்குலத் தட்டு

1996 ஜனவரி 14, ஞாயிறு

காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை முன்னறையைத் தூசு தட்டினேன். முன்னறை என்று பேர்தான். யாராவது வந்தால் இருக்க ஒரே ஒரு கதிரை மிச்சம். மற்ற இடமெல்லாம் பழைய கொம்பியூட்டர்கள். மொத்தம் ஒன்பது, அதில் உயிரோடு இருப்பவை இரண்டு.

எல்லாம் தொண்ணூறுக்குப் பிறகு சேர்ந்தவை. துறைமுகப் பக்கத்துக் கப்பல் ஏஜென்சிகளும் களஞ்சியங்களும் ஒவ்வொன்றாக மூடியபோது மேசையையும் அலுமாரியையும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இயந்திரங்களை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். மழை வருகிறதே என்று முதலாவதைத் தூக்கி வந்தேன். பிறகு பழகிவிட்டது. டொக்யார்ட் வீதியில் என்னைப் பற்றி என்ன கதை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக் கனகசுந்தரம் ஐயா போன மாதம் நேரேயே கேட்டார்: "பிள்ளை, இதுகளை இரும்புக்குப் போடலாமே?" மனிதர் வாசலில் ஓட்டைக் கார் ஒன்றைப் பதினாறு வருஷமாக வைத்திருக்கிறார். நான் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

எனக்கு இயந்திரங்களைவிட, அதுகள் எழுத்தைச் சேமித்து வைக்கும் பிளொப்பித் தட்டுகளில்தான் ஆசை. எட்டு அங்குலத் தட்டு இருக்கிறது; சோறு போட்டுச் சாப்பிடலாம். ஐந்தேகால் அங்குலத்தில் இரண்டு சாதி. உள்ளே சுழற்றிப் பார்த்தால் ஒன்றில் ஒரே ஒரு சிறு துளை, மற்றதில் சுற்றிவரப் பத்துத் துளை. ஒன்றை வாசிக்கும் இயந்திரம் மற்றதைத் தீண்டாது. கப்பல் இஞ்சினியர் ஒருவர் விட்டுப்போன மடி இயந்திரத்துக்கு இரண்டு அங்குலத் தட்டு. பிறகு மூன்று அங்குலம். கடையில் விற்கும் மூன்றரை வேறு, இது வேறு. கெட்டியான பிளாஸ்டிக் உறை, நீளவாக்கு. இலங்கை முழுக்க இதை எத்தனை பேர் வைத்திருந்திருப்பார்கள்?

இன்று முழுக்கப் பாண் விற்க வருகிறவனோடு மட்டும்தான் பேசினேன். "ஒன்று போதும்" என்றேன். அவ்வளவுதான்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஒரு சுண்டு அரிசிதான் போட்டேன். பால் பொங்கியபோது சத்தம் போட வெட்கமாக இருந்தது. தனியாக நின்று யாருக்குக் கத்துவது?

பெப்ரவரி 1, வியாழன்

நேற்றுக் கொழும்பில் குண்டு. இன்று இங்கே வீடு வீடாகச் செக்கிங். நேவிக்காரர் நாலு பேர் வந்தார்கள். முன்னறையைப் பார்த்ததும் ஒருவர் வெளியே போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தார். பெரியவர் எட்டு அங்குலத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன செய்யும்?" என்று தமிழில் கேட்டார். "ஒன்றும் செய்யாது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாகிவிட்டது. ஒன்பது இயந்திரத்தையும் எழுதிக்கொண்டு போனார்கள். இந்த வீட்டில் இதுகளை மரியாதையாகப் பட்டியல் போட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான்.

பெப்ரவரி 8, வியாழன்

ஒரு பெண் வந்தாள். மூதூர். முப்பது வயது மதிக்கலாம். காலை லோஞ்சில் கடல் கடந்து வந்து, துறைமுக ஜெட்டியில் செக்கிங் முடித்து, மெயின் வீதியில் றேடியோ திருத்தும் ஜெமீலிடம் வழி கேட்டு வந்திருக்கிறாள். பெயர் நஜ்முன் நிஸா. தேத்தண்ணீர் போடவா என்றேன். "நோன்பு, டீச்சர்." நான் தட்டச்சு வகுப்பு நடத்துகிறேன் என்று ஜெமீல் சொல்லியிருப்பார். மரக்கறிக் கடையில்கூட நான் டீச்சர்தான்.

கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மூன்று அங்குலத் தட்டு!

"ஜெமீல் காக்கா சொன்னாரு, இதப் பார்க்கிற மிஷின் உங்கட்டத்தான் இரிக்காம்."

கணவர் பெயர் தாஹிர். ஜெட்டிக்குப் பக்கத்தில், இப்போது இல்லாத ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளாக். தொண்ணூறு ஜூனில், சண்டை தொடங்கிய அதே திங்கட்கிழமை, காலை லோஞ்சில் வேலைக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை வருவேன் என்று சொன்னவர். ஆறு வருஷமாக வரவில்லை. கந்தோர் மூடும்போது அவருடைய மேசை லாச்சியில் கிடந்தது என்று பியோன் இந்தத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தானாம். மேலே பேனையால் ஒரே சொல், தமிழில்: வீடு.

"கொழும்பு வரைக்கும் குடுத்து விட்டன். எல்லாரும் சைஸ் சரியில்ல எண்டுதான் சொல்றாங்க. அவரு எனக்கு என்னமோ எழுதி வெச்சிரிக்கார், டீச்சர்."

தட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை முதல் தடவை பார்த்த என்னிடம். அலுமாரியில் மேல் தட்டில் வைத்துப் பூட்டினேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

மூன்று அங்குல இயந்திரத்தைக் கழற்றினேன். திரை நல்லது, பச்சை எழுத்து வருகிறது. தட்டைச் சுழற்றும் றப்பர் பெல்ட்தான் போய்விட்டது. தொட்டால் கையோடு பிசினாக வருகிறது. இந்த ஊரில் இதற்கு பெல்ட் எங்கே தேடுவேன்? கசற் றெக்கோடர் பெல்ட் ஏதாவது பொருந்துமா? ஜெமீலைக் கேட்க வேண்டும்.

பெப்ரவரி 15, வியாழன்

ஜெமீல் தந்த முதல் பெல்ட் இறுக்கம், இரண்டாவது தொய்வு. தட்டு சுழல்கிறது, வேகம் சரியில்லை. நிஸாவிடம் அதைச் சொன்னேன். "பறவாயில்ல" என்று சொல்லிவிட்டு எழும்பாமல் இருந்தாள். அடுத்த லோஞ்சுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. பிறகு தானாகச் சொன்னாள்.

தாஹிரை ஆமி பிடித்தது என்கிறார்கள். இயக்கம் பிடித்தது என்கிறார்கள். சவூதியில் கண்டோம், அங்கே வேறு குடும்பம் என்றும் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். "மவுத்தா ஹயாத்தா எண்டு தெரிஞ்சா இத்தா இருந்து முடிச்சிரிப்பன்" என்றாள். ஆள் இறந்தாரா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. இத்தா என்றால், கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருப்பது. இவளுக்கு அதற்கும் வழியில்லை. இப்போது கிண்ணியாவில் இருந்து ஒருவர் கேட்டு வந்திருக்கிறார், மனைவியை இழந்தவர், நல்ல மனிதராம். அண்ணன்மார் அவசரப்படுத்துகிறார்கள். அதற்கு முதல், முஸ்லிம் கலியாண வழக்குப் பார்க்கும் காதியாரிடம் மனுப் போட வேண்டும். அதில் ‘புருஷன் என்னை விட்டுவிட்டுப் போனார்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"கலியாணம் முடிக்கிறதும் முடிக்காததும் பொறகு. அவரு விட்டுட்டுப் போனாரு எண்டு என்ட கையால எழுத ஏலாது. அப்படித்தான் எண்டு தெரிஞ்சா எழுதுவன். தெரியாம எப்பிடி?"

அதுதான் அவளுக்கு வேண்டும். அந்தத் தட்டில் அவளுக்கு ஒரு சொல்லாவது இருக்கிறதா இல்லையா.

பெப்ரவரி 22, வியாழன்

நேற்றுப் பெருநாள். நிஸா பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம் கொண்டுவந்தாள், தன் பெட்டிக்குள் இருந்ததை ஜெட்டியில் கத்தியால் குத்திப் பார்த்துத்தான் விட்டார்களாம். குத்தின பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டு நல்ல பக்கத்தை எனக்கு வெட்டித் தந்தாள். நாலாவது பெல்ட்டும் சரிவரவில்லை. இருவரும் அதை மறந்துபோய் மத்தியானம் வரை கதைத்தோம். மகள் ஸுல்பிகா படிப்பில் சுட்டி, ஆனால் சோற்றைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொள்வாளாம். எனக்கு ஏன் கலியாணம் நடக்கவில்லை என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. சொன்னேன். சிரித்தோம்.

பெப்ரவரி 29, வியாழன்

இன்று பேச்சுவாக்கில் "அக்கா" என்றாள். பிறகும் அப்படியே கூப்பிட்டாள்.

புதன்கிழமை மீன் வாங்கி வைக்கிற பழக்கம் எப்போது வந்தது எனக்கு?

மார்ச் 6, புதன்

பெல்ட் சரி வந்துவிட்டது.

ஜெமீல் ஒரு பழைய கார் கசற்றிலிருந்து கழற்றித் தந்தது. பிற்பகல் நாலு மணிக்குப் போட்டேன். இந்த இயந்திரம் தன்னுடைய தொடக்கத் தட்டை முதலில் வாசித்தால்தான் வேலை செய்யும். வாசித்தது! பச்சை எழுத்து வரி வரியாக ஏறியது. என்னுடைய பழைய தட்டுகள் மூன்று போட்டுப் பார்த்தேன். மூன்றும் சுத்தமாக வந்தன. வகுப்புக்குப் போகும் வழியில் ஜெமீலிடம் சொன்னேன், அவருக்கும் சந்தோஷத்தில் பெரிய புளுகம்.

நிஸாவின் தட்டைப் போடவில்லை. அவள் இல்லாமல் போடுவது முறையில்லை. நாளைக்கு வருவாள்தானே.

மார்ச் 7, வியாழன்

வந்தாள். சுறா வறை செய்திருந்தேன். சாப்பிட்டோம். "பெல்ட் என்ன மாதிரி அக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது என்று எழுதினால் அது இன்னொரு பொய். சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கும்போதே யோசித்தேன். வாசித்து முடித்தால் இவள் எதற்கு இங்கே வரப்போகிறாள்? கடல் கடந்து, செக்கிங்கில் நின்று, கிழவி ஒருத்தியின் சுறா வறைக்கா?

ஒரு கிழமைதான். ஆறு வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு கிழமை.

மார்ச் 8, வெள்ளி

வெட்கமாக இருக்கிறது. அடுத்த வியாழன் கட்டாயம்.

மார்ச் 14, வியாழன்

செய்யவில்லை.

அவள் வந்தபோது கரண்ட் இல்லை. பதினொன்றரைக்கு வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியதை இருவரும் பார்த்தோம். "இன்னும் பெல்ட் சரியில்லை" என்றேன். அவள் இன்று முகம் வாடி இருந்தாள். அண்ணன்மார் இருபதாம் தேதிக்குக் காதியாரிடம் நாள் வாங்கிவிட்டார்களாம். "அதுக்குள்ள சரிவருமா அக்கா?" என்று கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இயந்திரம் பின்னால்தான் இருந்தது, கை நீட்டினால் எட்டும். இவ்வளவு நேரமும் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று பயம். இன்று சரி வந்தது என்று சொல்லியாவது போட்டிருக்கலாமே, சனியனே! அதுகூடத் தோன்றவில்லை. "பார்ப்பம்" என்றேன். பார்ப்பமாம்.

மார்ச் 18, திங்கள்

மூதூருக்குப் போகலாம் என்று ஜெட்டிவரை போனேன். கடல் சரியில்லை, லோஞ்ச் இல்லை என்றார்கள். நிம்மதியாக இருந்தது. நாளைக்கும் ஒரு லோஞ்ச் உண்டு என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 19, செவ்வாய்

கடல் நன்றாக இருந்தது. வகுப்பு இருந்தது. போகவில்லை.

மார்ச் 21, வியாழன்

நிஸா வரவில்லை. மீன் அப்படியே இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

ஜெமீலின் கடை பூட்டு. வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஓம் டீச்சர், புதன்கிழம கையெழுத்து வெச்சிட்டாவாம். அண்ணன்மார் ரெண்டு பேரும் பக்கத்தில நிண்டாங்களாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தட்டில ஒண்டும் இல்லையா?" என்று கேட்டார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அப்படியே வாசலில் நின்றார்.

மார்ச் 28, வியாழன்

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. "தட்ட எடுத்திட்டுப் போக வந்தன்" என்றாள். நான், "பெல்ட் சரி, இரும், இப்பவே போடுவம்" என்றேன். கதிரையில் இருந்தாள்.

தொடக்கத் தட்டு. பிறகு தாஹிரின் தட்டு. வாசித்தது. கப்பல் பெயர்கள், மூட்டைக் கணக்குகள், கொழும்புக்குக் கடிதங்கள், எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொன்றாகத் திறந்து சொல்லிக்கொண்டே வந்தேன். நிஸாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிக் கோப்பும் முடிந்தது. வீடு என்று ஒன்றும் இல்லை.

"சரி" என்றாள்.

"இல்லை. இதுக்கு மறுபக்கமும் இருக்கு." தட்டை எடுத்துத் திருப்பினேன். இந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் வாசிக்கும்.

மறுபக்கத்தில் ஒரே ஒரு கோப்பு. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். இந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, மனிதர் என்ன செய்வார். அவளுக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது. நான் உரக்க வாசித்தேன்.

வெள்ளி போகேக்க.
கிணத்துக் கட்டுக்குச் சீமெந்து, கேட்டுப் பார்க்க.
கதவுக்குக் கொளுக்கி ரெண்டு.
மகளுக்குச் சட்டை, மஞ்சள், நடக்கப் பழகுறா, நீளம் வேணாம்.
நிஸாவுக்குக் கண் டொக்டர், புதன் காலம. லீவு எடுக்க.
மழைக்கு முந்தி குசினிக் கூரை.

அவ்வளவுதான். கடிதம் இல்லை. தேதி இல்லை, இந்த இயந்திரம் தேதி போடுவதில்லை. இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். கண் டொக்டர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"எழுத்து மங்குது எண்டு ஒருக்காத்தான் சொன்னன். அவரு பாயில படுத்திருந்தாரு. கேட்கல்ல எண்டு நினைச்சன்."

அழுதாள். ஆறு வருஷத்து அழுகை. நானும் அழுதேன், எனக்கு அதற்கு உரிமை இல்லாவிட்டாலும். பிறின்றரின் ரிபன் காய்ந்துவிட்டது. திரையைப் பார்த்துத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்து நெஞ்சுக்குள் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"பெல்ட் எப்ப சரி வந்த?"

நேற்று என்று சொல்ல வாய் திறந்தேன். ஏலாமல் போய்விட்டது.

"ஆறாம் தேதி" என்றேன். "நீர் ரெண்டு வியாழனும் வந்து கேட்டீர். ரெண்டு தரமும் மிஷின் சரியாத்தான் இருந்தது."

"தெரியும். இப்ப வரக்குள்ள ஜெமீல் காக்கா சொன்னாரு. நீங்க சொல்லுவீங்களா எண்டு பார்த்தன்." கைலேஞ்சியை மடியில் விரித்தாள். "எனக்குப் பொய் சொன்ன எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்திச்சு. உங்களுக்கு என்ன காரணம், டீச்சர்?"

டீச்சர் என்றாள்.

"நீர் பிறகு வரமாட்டீர் எண்டு."

என்னை நன்றாகப் பார்த்தாள். "கேட்டிருந்தா வந்திரிப்பனே" என்றாள். தட்டைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனாள். ஒழுங்கை முடியும்வரை வாசலில் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

இல்லை.

ஏப்ரல் 11, வியாழன்

இல்லை. எதிர்பார்த்து இருந்த நான் ஒரு லூசு.

ஏப்ரல் 13, சனி

வருஷப் பிறப்பு. கனகசுந்தரம் ஐயா வீட்டில் கைவிசேஷக் காசு தந்தார்கள். வந்து தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்தேன். காதியாருக்குக் கடிதம். நாலு தடவை கிழித்தேன். முதல் மூன்றிலும் என்னைப் பற்றித்தான் கூட எழுதியிருந்தேன். ஐந்தாவது அரைப் பக்கம்:

‘மேற்படி தட்டை நான் என் கையால் வாசித்தேன். அதில் கண்டது இணைக்கப்பட்டுள்ளது. மார்ச் இருபதாம் தேதிக்கு முன்பே இதை வாசித்துக் காட்ட என்னால் முடிந்திருந்தும், இயந்திரம் பழுது என்று நான் பொய் சொன்னேன். அவர் கையெழுத்து வைத்தபோது இது அவருக்குத் தெரியாமல் போனது என் பிழை. எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன்.’

பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். கையெழுத்து.

ஏப்ரல் 15, திங்கள்

ஜெமீல் கடிதத்தை வாங்கினார். ஒட்டாமல்தான் கொடுத்தேன், வாசித்துவிட்டே கொண்டு போங்கள் என்று. வாசித்தார். தேத்தண்ணீர் எடுப்பித்துத் தந்தார்.

மே 9, வியாழன்

ஜெமீல் வந்து சொன்னார். காதியார் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தாராம். நிஸாவைக் கூப்பிட்டுத் திரும்பவும் விசாரித்தாராம். ‘விட்டுவிட்டுப் போனார்’ என்ற இடத்தை வெட்டி ‘காணாமற் போனார்’ என்று போட்டு, பக்கத்தில் புதிதாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கிண்ணியா மனிதரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாளாம். கண்ணாடி போட்டிருக்கிறாளாம்.

"என்னைப் பற்றி ஏதும்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கல்ல டீச்சர்."

ஜூன் 20, வியாழன்

பழக்க தோஷத்தில் நேற்றும் மீன் வாங்கிவிட்டேன். பாதியைக் கனகசுந்தரம் ஐயா வீட்டுக்குக் கொடுத்தேன். அவர் வந்து ஒவ்வொரு இயந்திரமாக என்ன ஏது என்று கேட்டார். பாவம், நித்திரை தூங்கித் தூங்கிக் கேட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை பத்தரைக்குக் கதவில் தட்டினார்கள். பதறி ஓடினேன். வேறு பெண். பெயர் றம்லா. இவளும் மூதூர்தான், நாற்பது வயதிருக்கும். தோளில் பை. தம்பி தொண்ணூறில் நெல் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தவராம். அவருடைய பெட்டிக்குள் இருந்ததென்று ஐந்தேகால் அங்குலத் தட்டு ஒன்றைக் காட்டினாள். காட்டினாள், தரவில்லை. நான் கை நீட்டியதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"கோவிக்க வேணாம். நிஸாதான் அனுப்பினா. இத வாசிக்க அவவ விட்டா ஆளில்ல, என்ன கிடந்தாலும் உள்ளபடி சொல்லுவா எண்டா. ஆனா தட்ட மட்டும் வெச்சிட்டு வராத, பக்கத்திலயே இருந்து வாசிச்சு முடிச்சுக் கையோட எடுத்திட்டு வா எண்டு சொன்னா."

"சரியாத்தான் சொல்லியிருக்கிறா" என்றேன்.

பின்னேர லோஞ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்தத் தட்டை வாசிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டேன். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். தட்டை அவளே தன் கையால் உள்ளே தள்ளினாள்.